கரிமூஞ்சியும் பக்கத்து வீட்டுக்காரனும்

பனிமேல் ஓடும் வண்டி ஒன்றின் எஞ்சினில் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள் அடுத்தடுத்துக் குடியிருந்தன. இடதுபக்கத்தானுக்கு வலதுபக்கத்தானைக் கண்டாலே எரிச்சல்.

"மூஞ்சியெல்லாம் கரி. உன் வேலையையும் சேர்த்து நான்தான் இழுக்கணும்" என்று ஆறு குளிர்காலமாகப் புலம்பித் தீர்த்தான். வலதுபக்கத்தான் லேசாக இருமிக்கொள்வான்.

ஒருநாள் வண்டிக்காரர் நைந்துபோன பெல்ட்டைக் கழற்றித் தகர டப்பாவில் போட்டார். பிறகு பிளக்குகளைக் கழற்றினார். "பொறி வர்றதை மறுபடி மாட்டிக்கலாம். வராதது டப்பாவுக்கு" என்றார்.

முதலில் வலதுபக்கத்தானை எஞ்சின்மேல் வைத்து, எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார். பொறி வரவில்லை. டப்பாவில் விழுந்தவன், "நான் வரேன்டா. நீயாவது நல்லா இரு" என்றான்.

அடுத்து இடதுபக்கத்தான். வலதுபக்கத்தான் குடியிருந்த குழி காலியாக இருந்தது. அதை ஒரு தரம் பார்த்தான். கயிறு மூன்று தரம் இழுபட்டது. மூன்று தரமும் மூச்சை இறுகப் பிடித்துக்கொண்டான். ஒரு பொறிகூட விடவில்லை. அவனும் டப்பாவில் விழுந்தான்.

"ஏன்யா, காலையில நீ வெடிச்ச வெடியிலதானே நான் சுத்தினேன்?" என்று கேட்டது பெல்ட்.

"குளிர்ல தொண்டை கட்டிக்கிச்சு" என்றவன், வலதுபக்கத்தான் பக்கம் திரும்பினான். "தள்ளிப் படுடா. கரியை என்மேல பூசாதே."

டப்பாவில் இடம் தாராளமாக இருந்தது. வலதுபக்கத்தான் நகரவில்லை. இடதுபக்கத்தானும்தான்.