பதினாலாம் பக்கத்து வரி

கண்ணாடிச் சுவர் வழியே வரும் காலை வெயில் ஒப்பந்தத் தாள்களின் மேல் விழுந்து கண்ணைக் கூச வைக்கிறது. காது கேளாதவர்களுக்குப் பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் செயலியைச் செய்தவள் தங்கை. அதற்கான சின்னக் கம்பெனியை நடத்துபவள் அக்கா. "இவங்களோட சேர்ந்தா வேற எந்த ஃபோன்லயும் நம்ம செயலி வரக்கூடாதாம்க்கா," என்று தங்கை கிசுகிசுக்கிறாள். "கூட்டுன்னா அப்படித்தாம்மா," என்று எதிரே இருக்கும் பெரிய ஃபோன் கம்பெனியின் மேலாளர் சிரிக்கிறார். இவர் எழுந்து போய்விட்டால் அடுத்த மாதம் தங்கள் அலுவலகம் இருக்காது என்பது அக்காவுக்குத் தெரியும். ஆனாலும் பதினாலாம் பக்கத்தில் அந்த நிபந்தனை இருக்கும் வரியைப் பேனாவால் அடிக்கிறாள். தாள் கீறும் சத்தம் அறை முழுக்கக் கேட்கிறது. அதன் அருகே கையெழுத்திட்டு, தாளை அவரிடம் நகர்த்துகிறாள். "உங்க ஃபோனை வாங்க முடியாதவங்கள்லயும் காது கேக்காதவங்க இருக்காங்க சார்." சிரிப்பு நின்றுவிடுகிறது. மேலாளர் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவைத் திறக்கிறார். பிறகு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், அடித்த வரிக்குப் பக்கத்தில் தானும் கையெழுத்துப் போடுகிறார்.