வெள்ளைக் கட்டம்

மகளின் கல்யாணச் சீருக்கென்று ராமுத்தாய் தைக்கும் ஒட்டுப்போர்வை அது. வெட்டுத்துணிகளை இணைத்து விதவிதமாய்த் தைத்த கட்டங்களைப் பாயில் பரப்பி, இடம் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் வகுப்புக்குப் போகும் மகள் மணிமேகலை, ஒரு வெள்ளைக் கட்டத்தை நடுவில் வைத்தாள்.

“ஏண்டி, கல்யாணப் போர்வையில நட்டநடுவுல வெள்ளையா? ஓரமா வையி.”

“கிறிஸ்டியன்ல கல்யாணத்துக்கே வெள்ளைதானம்மா கட்டுறாக. இதுவும் ஒரு கல்யாண ஜாக்கெட்டுல மிஞ்சுன துணிதான்.”

“அது அவுக வழக்கம். சித்தையன்கோட்டை மாப்பிள்ளை வீட்டுல பாத்தா என்ன நெனப்பாக? எடுடி!”

மணிமேகலை எடுக்கவில்லை.

“யாரு கல்யாணத்துத் துணிடி இது, இம்புட்டுப் பிடிவாதம் பிடிக்கிறே?”

மகள் துப்பட்டாவை விலக்கி, சுடிதாருக்குள் மறைத்திருந்த தாலியை வெளியே எடுத்தாள்.

தாலியில் சிலுவை இருந்தது.