டிரா பண்ணின அண்ணாச்சி

“இந்தப் பொண்ணு கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் வெளாண்டிருக்கு,” என்றார் ஜெகதீஸ்வரன்.

திருச்சுழி கல்யாண மண்டபத்தில் செஸ் போட்டி. இறுதி ஆட்டத்தில் அப்போதுதான் யுவராணியிடம் தோற்றிருந்தார். பந்தல்குடியில் உரக்கடை வைத்திருப்பவர். ஆறு வருஷமாகக் கோப்பை அவர் வீட்டில்தான். யுவராணி எம்.ரெட்டியபட்டிக்காரி. அங்கே இ-சேவை மையத்தில் வேலை.

போட்டியை நடத்திய நாகராஜ் தயங்கினார். “எல்லார் போனையும் வாசல்லயே வாங்கி வச்சுட்டமே.”

“நடுவுல ரெண்டு தடவ வெளிய போச்சுல்ல? இன்னொரு போன் வச்சிருக்கும்.”

அவள் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். சாப்பாட்டு டப்பாதான் இருந்தது.

“பாத்ரூம்தான் போனேன் அண்ணாச்சி,” என்றாள்.

அவர் விடவில்லை. “குதிரையைச் சும்மா குடுத்துட்டு ஆடுனியே, அது மனுச மூளைக்கு வராது. கம்ப்யூட்டரு தப்பே பண்ணாது. நாமளும் தப்புப் பண்ணலேன்னா டிரா. நானே என் போன்ல இருக்கிற செஸ் கம்ப்யூட்டர்கூட ஆடி டிரா பண்ணியிருக்கேன்.”

உரம் வாங்க வருகிற அத்தனை பேருக்கும் தெரிந்த பெருமை அது.

“முழு பலத்துல ஆடுனா, உலக சாம்பியனே அதுகிட்ட தோத்துருவாக அண்ணாச்சி,” என்றாள் யுவராணி.

“அப்படியா? இந்தா என் போன். டிரா பண்ணிக் காட்டு. கோப்பையை நீயே வச்சுக்க.”

வாங்கினாள். திரையைப் பார்த்தாள். நிமிர்ந்து ஒருதரம் அவரைப் பார்த்தாள். சுற்றிலும் கூட்டம். ஆடினாள். இருபதாவது நகர்த்தலில் அவள் ராஜா மாட்டிக்கொண்டது.

“தோத்துட்டேன்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். கோப்பை ஜெகதீஸ்வரனுக்கே போனது.

வீட்டில் கதையைக் கேட்ட மகள் அனுசியா போனை வாங்கிப் பார்த்தாள்.

“இதுகிட்டயாப்பா அந்த அக்கா தோத்துச்சு?”

“ஏன்?”

“மேல பொடி எழுத்துல போட்டிருக்கு பாருங்க. பத்து லெவல்ல இது மூணாவது. நாம ஜெயிக்கட்டும்னு அதுவே தப்புத்தப்பா ஆடும்.”

“நான் எதையும் மாத்தலையே.”

“அதான். ஏத்துன நாள்லருந்து இப்படியேதான் இருக்கு.”

அவர் போனை வாங்கிப் பார்த்தார். தான் டிரா பண்ணியதும் இதோடுதான். தன்னை ஜெயித்தவள் இதனிடம் தோற்க வழியே இல்லை.

மறுநாள் காலை கோப்பையோடு எம்.ரெட்டியபட்டிக்குப் போனார். இ-சேவை மையத்தில் நல்ல கூட்டம். தப்பு தன்மேல்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடத்தான் வந்திருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் தைரியம் போய்விட்டது. கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் குனிந்து கேட்டார்.

“லெவல் என்னன்னு பார்த்தியா தாயி?”

“பார்த்தேன் அண்ணாச்சி.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி அவளும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நாலு பேரு முன்னால பொய்க்காரியா நிக்கிறது எப்படி இருக்கும்னு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு. அது உங்களுக்கும் எதுக்குன்னுதான் அண்ணாச்சி.”