சனிக்கிழமைத் தந்தி

சரிந்த கோபுரத்தின் படத்தை மேசன் ஏரம்பர் தலையைச் சரித்துப் பார்த்தார்.

"அத்திவாரத்தில கள்ளவேலை செய்திருக்கிறாங்கள்," என்றார். முற்றத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

இத்தாலியில் இரண்டு வருஷம் உழவு இயந்திரப் படிப்பு முடித்து, வட்டக்கச்சிக்கு நான் வந்து மூன்றாவது நாள். படிப்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. படங்களைத்தான் கேட்டார்கள்.

அதுவும் நல்லதாய்ப் போயிற்று. கொண்டுவந்த ஆல்பத்தில் படிப்பு இருக்கவில்லை. சனிக்கிழமை விடிந்தால் என்னோடு பொலோஞ்ஞாவில் படித்த கார்லோவும் பிராங்கோவும் நானும் றெயில் ஏறிவிடுவோம். பீசா, பிளோரன்ஸ், ரிமினிக் கடற்கரை. கார்லோவிடம் ஒரு பழைய கமெரா இருந்தது.

அக்கா ஆல்பத்தை மடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். அப்பா கதிரையில் இருந்தபடி எட்டி எட்டிப் பார்த்தார்.

வெனிஸ் வந்தது. படகில் மூன்று பேர். நடுவில் நான், வாயெல்லாம் பல்லாக.

"இதிலதான் தம்பி வடிவாச் சிரிச்சிருக்கிறான்," என்றாள் அக்கா.



அந்தப் படம் எடுத்தபோது என் சட்டைப் பைக்குள் ஒரு தந்தி இருந்தது.

அன்று காலை, றெயிலுக்கு அரை மணித்தியாலம் இருக்கும்போது வந்த தந்தி. 'மதர் சீரியஸ்.' இரண்டே சொல்.

எங்கள் பக்கத்தில் சாவைச் சாவு என்று தந்தியில் அடிப்பதில்லை. தூரத்தில் இருக்கிறவன் வாசித்த இடத்திலேயே விழுந்துவிடுவான் என்று பயம். அதனால் செத்தாலும் 'சீரியஸ்' என்றுதான் அடிப்பார்கள். வாசிக்கிறவனுக்கு விளங்கிவிடும். பெரியப்பா செத்தபோது 'சீரியஸ்' என்று கொழும்புக்குத் தந்தி எழுதியவனே நான்தான். அப்போது முற்றத்தில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே அம்மா போய்விட்டாள். கட்டிலில் இருந்து அழுதேன்.

அழுதுகொண்டே யோசித்தேன். கப்பலில் போனால் பதினெட்டு நாள். கப்பல் கிடைத்து நான் போய்ச் சேரும்போது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியே நெருங்கிவிடும். இனி அவசரம் என்ன? வெனிஸ் பயணத்துக்காக ஒரு மாதம் காத்திருந்தோம். கீழே தெருவில் கார்லோ விசிலடித்தான்.

திங்கட்கிழமை வந்து மிச்சத்தை அழலாம் என்று தந்தியை மடித்து வைத்தேன்.

நண்பர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் பயணம் நின்றுவிடும். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

படகில் பிராங்கோ ஏதோ பகிடி விட்டான். சிரித்தேன். பொய்ச் சிரிப்பு என்றால்கூட மனம் ஆறியிருக்கும். உண்மையாகவே சிரித்தேன். சாவுத் துடக்குக்காரன் மீன், மச்சம் தொடக்கூடாது. நான் மீன் பொரியல் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினேன்.

திங்கட்கிழமை வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். தந்தி இன்றுதான் கிடைத்தது என்றும், அம்மா இல்லாத வீட்டுக்கு எப்படித் திரும்பி வருவேன் என்றும். அப்பாவின் கடிதம் மூன்று கிழமை கழித்து வந்தது. அதில் அம்மா போன திதி இருந்தது, தேதி இல்லை. பொலோஞ்ஞாவில் பஞ்சாங்கத்துக்கு நான் எங்கே போவேன்?

"இந்தப் படம் அப்ப வந்திருந்தால் அம்மாவுக்குக் காட்டியிருக்கலாம்," என்றாள் அக்கா. "அந்த அஞ்சு நாளும் உன்னைத்தானே கேட்டுக்கொண்டிருந்தவா."

"எந்த அஞ்சு நாள்?"

அக்கா ஒரு கணம் அப்பாவைப் பார்த்தாள்.

"தந்தி வெள்ளிக்கிழமை அடிச்சது. அம்மா கண்ணை மூடி மோசம்போனது புதன்கிழமை. நீ செத்தவீட்டுத் தந்தி எண்டு நினைச்சதை, உன்ர கடிதம் வந்தாப் பிறகுதான் நாங்கள் கண்டம். பிள்ளை தாங்கமாட்டான், உள்ளதை எழுதவேண்டாம் எண்டு அப்பாதான் சொன்னவர்."

அவர்கள் அடித்தது சீரியஸ். அம்மா சீரியஸாகத்தான் இருந்திருக்கிறாள். உயிரோடு.

அக்கா குற்றம் சொல்லவில்லை, கதையாகத்தான் சொன்னாள். அப்பா ஒவ்வொரு நாளும் சைக்கிளில் கிளிநொச்சிக்குப் போய், பதில் தந்தி வந்ததா என்று கேட்டுவிட்டு வருவாராம். வாசல் படலையில் சைக்கிள் மணி கேட்டதும் அம்மா தலையைத் தூக்குவாளாம். செவ்வாய்க்கிழமை அக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு வெறுந்தாளை மடித்துக்கொண்டு உள்ளே போய், தம்பி கப்பல் ஏறிவிட்டானாம் என்று வாசித்துக் காட்டினாளாம்.

"அம்மா என்ன சொன்னவா?"

"கோவிச்சவா. படிப்பை விட்டிட்டு ஏன் வாறான், நிக்கச் சொல்லித் திருப்பித் தந்தி அடி எண்டவா."

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். தந்தி சனிக்கிழமையே என் கைக்கு வந்தது என்று. றெயில் நிலையத்துப் பக்கத்திலேயே தந்திக் கந்தோர் இருந்தது, அதைத் தாண்டித்தான் ஓடினேன் என்று. எல்லோரும் என் முகத்தையே பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா எழும்பி வந்தார். வெனிஸ் படத்தை ஆல்பத்திலிருந்து மெல்லக் கழற்றி, சால்வைத் தலைப்பால் துடைத்தார்.

"இதுக்குக் கண்ணாடி போடுவம். அம்மாவின்ர படத்துக்கு நேர் எதிரில மாட்டு, ராசா. அவா உன்னைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும்."

ஓம் என்று சொல்லி, ஆணி தேடப் போனேன்.