படத்துக்குள் ஒரு பெயர்

“இந்தப் படத்துல கை வச்சது யாரு?”

டாக்டர் ஹரிதாஸ் கத்தியதில், எக்ஸ்ரே பிரிவில் கம்ப்யூட்டர் பார்க்கும் விஜயராணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

மலாக்காவின் அந்தத் தனியார் மருத்துவமனைக்குத் தொண்ணூற்றெட்டில் வந்த புது முறை அது. நோயாளியின் பெயரை யாரும் படத்தின்மேல் எழுதுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத முத்திரையாகக் கம்ப்யூட்டர் படத்துக்குள்ளேயே பதித்துவிடும். படத்தை யாராவது திருத்தினால், அந்த இடத்தில் முத்திரை உடைந்து காட்டிக்கொடுக்கும். இந்தப் படத்தில் வலது நுரையீரலில் உடைந்திருந்தது.

“நான்தான் டாக்டர். அந்தம்மா ரொம்பக் கெஞ்சினாங்க.”

“கெஞ்சினா கட்டியை அழிச்சிடுவியா? ஒண்ணுமில்லைன்னு நானும் கையெழுத்துப் போட்டுட்டேனே! சனிக்கிழமை அலோர் காஜா கோயில்ல என் மக கல்யாணம். நான் லீவுல போறதுக்குள்ள அந்தக் குடும்பத்துக்குச் சொல்லியாகணும். பேரைத் திற!”

பெயரைத் திறக்கும் ரகசிய எண் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

“இப்ப வேணாம்லா, டாக்டர். ஒரு வாரம் போகட்டும்.”

“ஒரு உயிரோட விளையாடுறியா? உன்னை வேலையை விட்டே தூக்கிடுவேன்!”

“தூக்குங்க. பேரை மட்டும் கேக்காதீங்க.”

டாக்டர் டெலிபோனை எடுத்தார்.

“சரி, பேரு வேணாம். அவங்க வீட்டுக்காரர்கிட்ட நானே பேசறேன். நம்பரையாவது சொல்லு!”

விஜயராணி உடைந்து அழுதாள்.

“உங்க வீட்டு நம்பர்தான், டாக்டர். மக கல்யாணத்துல உங்க முகம் வாடக்கூடாதுன்னு அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க.”