யசோதினி பிடித்த மிச்சம்

"கேட்டீங்களா கதைய? இராசாத்தியக்கா இந்த வருசம் தையலுக்குத் தரமாட்டாவாம். மூண்டு புள்ளையளுக்கும் தானே கையால தைக்கிறாவாம்!"

கடைக்குப் போய் வந்த யசோதினி வாசலிலேயே பொரிந்து தள்ளினாள்.

சித்திரை வருசத்துக்கு இன்னும் பத்து நாள்தான். நாட்டில் பொருளாதார நெருக்கடி என்று பழுகாமம் ஊரில் ஒருத்தரும் புதுத்துணி எடுக்கவில்லை. அவளுடைய தையல் மெஷின் ஒரு மாதமாகச் சும்மா கிடந்தது. கடைசியாக நம்பியிருந்தது இராசாத்தியின் மூன்று பெண்களின் சட்டைகளைத்தான். அதுவும் இல்லையென்றால் மெஷினை விற்க வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை பார்க்க ஆளும் வருகிறது.

"கையில காசில்லாம இருக்குமாக்கும்" என்றான் கணவன் பிரதீஸ், வலையைத் தைத்தபடி.

"காசில்லையோ? விடியக் காலமையே இடியப்பம் அவிச்சு விக்கிறா. எல்லாம் கஞ்சத்தனம்! ஆளாளுக்கு இப்பிடிக் கையைப் பொத்திக்கொண்டா எங்களப்போல ஆக்கள் எப்பிடிப் பிழைக்கிற?"

"நீயுந்தானே அவட்ட இடியப்பம் வாங்கிறத நிப்பாட்டின?"

"அது கஞ்சத்தனமில்ல, சிக்கனம்! வெளியில வாங்கிற சாப்பாட்ட முதல்ல நிப்பாட்டச் சொல்லி டீவியில சொன்னவங்க. இப்ப நானே அவிக்கன். எவ்வளவு மிச்சம் தெரியுமா?"

மிச்சம் உண்மைதான். ஆனால் அவள் பிழிந்த இடியப்பத்தை முதல்நாள் பிரதீஸ் கையில் எடுத்து இழுத்துப் பார்த்தான். அறவில்லை.

"இதால வலை பின்னலாம் புள்ள. கொடுவா மாட்டினாலும் அறாது."

அதற்குப் பிறகு, விடிய வாவிக்கு மீன்பிடிக்கப் புறப்படும்போதெல்லாம் "பசியில்ல" என்று ஒரே சொல். 'பாவம், நெருக்கடி வந்து மனுசனுக்குப் பசியும் இல்லாமப் போயிட்டு' என்று அவளுக்கு மனசு கரைந்தது. தொந்தி மட்டும் ஏன் கரையவில்லை என்று அவள் யோசிக்கவில்லை.

"நாளைக்கு விடிய நேராப் போய் நாலு கேள்வி கேக்காட்டி எனக்கு மனசு ஆறாது" என்றாள்.

"விடியவா?" பிரதீஸ் வலை ஊசியைக் கீழே போட்டான். "வேணா புள்ள. பின்னேரமாப் போ. இல்லாட்டிப் போகவே வேணா."

அவள் கேட்கிற ஆளா? மறுநாள் அவன் "பசியில்ல" சொல்லிவிட்டுப் போய்க் கொஞ்ச நேரத்தில் அவளும் கிளம்பிவிட்டாள்.

இராசாத்தி முற்றத்தில் இருந்து சட்டைக்குக் கரை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். தையல் கோணல்மாணலாக ஓடியிருந்தது.

"வா புள்ள, இரு."

"இருக்க வரல்லக்கா. ஆறு வருசமாத் தைச்சுத் தாறன். ஒரு தையல் பிரிஞ்சிருக்கா?"

"இல்ல புள்ள. கொஞ்சம் மெதுவாக் கதை." இராசாத்தி, ரேடியோ அலறிக்கொண்டிருந்த குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"என்னத்துக்கு மெதுவா? என்ட மெஷின் போகப்போகுது! உங்களுக்குத் தையல்கூலிய மிச்சம் பிடிக்கிறதுதான் பெரிசாப் போயிட்டு. கல்லுகா உங்கட மனசு!"

"ஐயோ, சத்தம் போடாத புள்ள..."

"போடுவன்!"

அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள் இருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா, இன்னுங் கொஞ்சம் சொதி ஊத்துங்க!"

யசோதினி அப்படியே நின்றாள். பசியில்லாத அந்தக் குரலை அவளுக்குத் தெரியாதா?

இராசாத்தி அவள் கையைப் பிடித்து வேலியோரம் இழுத்துக்கொண்டு போனாள். காதோடு காதாகச் சொன்னாள்:

"தம்பிய ஒண்டும் கேட்டிராத, வெக்கப்படுவான். நீ இடியப்பம் நிப்பாட்டின மறுநாளே வெறும் வயித்தோட வாவிக்குப் போனான். உங்கட வீட்ட அரிசிமாவும் இல்லாமப் போயிட்டு எண்டு எனக்கு விளங்கிட்டு. அண்டையில இருந்து நாளுக்குப் பத்து இடியப்பம் சும்மாதான் குடுக்கன். உனக்குத் தாற தையல்கூலிதான் புள்ள அதுக்குப் போகுது!"