இன்னொரு காது

போதகர் எதிர்க்கடையில் முடி வெட்டிக்கொண்டு வெளியே வந்தார். பின்னந்தலை எலி கொறித்த ரொட்டி மாதிரி இருந்தது.

தன் கடை வாசலில் நின்ற சலூன்காரருக்கு வயிறு எரிந்தது.

"பார்த்தியா? இப்படி அலங்கோலமா அலைஞ்சாலும் அலைவாராம், என் நாற்காலியில உட்கார மாட்டாராம்!"

"காதை வெட்டினவர்கிட்ட யாருங்க திரும்பத் தலையைக் கொடுப்பா?" என்றாள் மனைவி.

போன வருஷம் கத்திரி தவறி, போதகரின் இடது காது நுனியைப் பதம் பார்த்துவிட்டது. அவர் அப்போதே மன்னித்துவிட்டார். ஆண்டவரும் மன்னித்துவிட்டார் என்று அடித்துச் சொன்னார். சலூன்காரர்தான் நம்பவில்லை. ஞாயிறு தவறாமல் ஆராதனை முடிந்ததும் அவர் காலடியில் மண்டிபோட்டு அழுவார். போதகர் இப்போதெல்லாம் பின்வாசல் வழியாக நழுவிவிடுகிறார்.

இன்று சலூன்காரர் விடுவதாயில்லை. தெருவைக் கடந்து போய் மறித்தார்.

"மன்னிச்சது நிஜம்னா என் கடைக்கு வாங்க ஐயா!"

தெருவே வேடிக்கை பார்த்தது. போதகர் பெருமூச்சு விட்டபடி வந்து உட்கார்ந்தார்.

சலூன்காரர் துணியைப் போர்த்தினார். கத்திரியை எடுத்தார். இடது காதின் தழும்பைப் பார்த்தார். அவ்வளவுதான், கண்ணில் மடை திறந்தது.

"நான் பாவி ஐயா! என்னை மன்னி..."

க்ரிச்!

"ஆ!"

வலது காது.

மனைவி பஞ்சோடு ஓடிவந்தாள். சலூன்காரர் சுவரில் தலையை முட்டிக்கொண்டார்.

"முட்டாதே தம்பி," என்றார் போதகர், காதைப் பொத்தியபடி. "போன வருஷம் கை தவறிச்சு. அது அன்னிக்கே முடிஞ்சுபோச்சு. இன்னிக்கு வெட்டினது உன் அழுகை. இப்படி ஆகும், அதுக்கும் சேர்த்து நீ அழுவேன்னு பயந்துதான் எதிர்க்கடைக்குப் போனேன். உன்மேல எனக்கு என்னப்பா கோபம்?"

"அப்போ... ஆண்டவரும் நிஜமாவே...?"

"அவரைப் பிடிக்க வந்தவனோட முழுக்காதையே அவரோட சீஷர் ஒருத்தர் வெட்டினார். அந்தச் சீஷரை ஆண்டவர் தள்ளிட்டாரா? நீ காது நுனிக்கே அவர் மன்னிச்சதை நம்ப மாட்டேங்கிறே! கண்ணைத் துடை. இப்ப வெட்டு. மன்னிப்பு மட்டும் கேட்காதே, எனக்கு வேற காது இல்லை."

சலூன்காரர் கண்ணைத் துடைத்தார். தொண்டைவரை வந்த மன்னிப்பைக் கஷ்டப்பட்டு விழுங்கினார். கத்திரியை எடுத்தார்.

"ஐயா... மழை வரும்போல இருக்குல்ல?"

"ஆமென்!" என்று போதகர் நிம்மதியாகத் தலையைக் கொடுத்தார்.